பிலோமினாவின் பாதி

லூர்து எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சில்வர் ஓக் மரத்திலிருந்து சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. அவள் கையில் நீல அட்டை போட்ட நோட்டு இருந்தது. அதைப் பார்த்ததுமே களைந்த அரிசியையே மறுபடி களைய ஆரம்பித்தேன்.

“அண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம உங்க ஊடுங்க,” என்றாள்.

“எங்க ஊட்டத் தாண்டிப் போயிரு லூர்து.”

“நாலு வாரமாத் தாண்டிட்டுத்தான் இருக்கறனுங்க. இதுக்கு மேல தாண்டுனா எனக்கு மூட்டு தேஞ்சிரும்.”

சிரிக்காமல் சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

லூர்து எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருபது குடும்பம் போலச் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு வீடு என்று கூடிச் செபம் சொல்வார்கள். அதற்குப் பெயர் அன்பியம். மலைமேல் கொட்டச்சேட்டைச் சுற்றியுள்ள காப்பி எஸ்டேட்டுகளில் பிழைக்கிற எங்களுக்கு அது இல்லாமல் முடியாது. எங்கள் சின்னக் கோயிலுக்கு ஃபாதர் மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு நாங்களேதான்.

“ஞாயித்துக்கெழம நாலு மணிங்க. இருட்டறதுக்குள்ள முடிச்சர்லாம். காட்டுமாடு வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஊடு போய்ச் சேரணும்,” என்று சொல்லி, நான் சரி என்று சொல்லாமலேயே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த என் மனைவி பிலோமினாவுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

“அதான், அதான்,” என்றாள்.

வரச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே சொல்

பிலோமினா பேச்சுக்காரி. நான் எழுதும் இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காப்பி பறிக்கும் நாளில் அவள் இருக்கும் வரிசைக்குத்தான் ஆட்கள் போட்டி போடுவார்கள். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒரு தடவை, “இந்தம்மா வாய மூடுனா காப்பி தானா பழுக்காது போல,” என்றார். “அப்புறம் எதுக்குங்க என்னைய மூடச் சொல்றீங்க,” என்று அவருக்கும் பதில் கொடுத்தாள்.

அன்பியத்திலும் அவள்தான் முன்னால். செபமாலை தொடங்குவதும் அவள், பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவள். நான் பின்வரிசையில் கதவோரம் உட்காருவேன். கூட்டத்தில் எங்கே உட்கார்ந்தாலும் வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்த்து உட்காருகிற ஆள் நான்.

ஒரு நாள் காலையில் தலைவாரிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து சீப்பு விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. சேலத்துக்குக் கொண்டு போனோம். வலது கை, வலது கால் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு போனது போனதுதான். மிச்சம் இருந்தது ஒரே சொல்.

அதான்.

தண்ணீர் வேண்டுமென்றால் அதான். கோபம் வந்தால் அதான். திருப்பூரில் இருக்கும் மகள் போனில் அழுதால், அதற்கும் மெதுவாக ஒரு அதான்.

“சொல்றது அவங்களுக்குப் புரியுங்க. திருப்பிச் சொல்லத்தான் வராது,” என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. புரிகிறது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? உள்ளே பிலோமினா இருக்கிறாளா? இல்லை, அவள் போய்விட்டு, இந்த ஒரு சொல் மட்டும் அணைக்காத பல்ப் மாதிரி எரிந்துகொண்டிருக்கிறதா?

இந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

கதவைச் சாத்தியது

முதல் வாரம் ஊரே வந்தது. செம்மநத்தத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். காது கேட்காதவளிடம் பேசுவது போல அவள் முகத்துக்கு நேரே குனிந்து கத்தினார்கள். “என்னையத் தெரியுதுங்களா அக்கா, நான் யாரு சொல்லுங்க.” அவள் அதான் என்றாள். இன்னொருவர் வந்து, “நானு?” என்றார். அதற்கும் அதான். யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்கே தெரியும்.

ஆனால் பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை திரும்பவே இல்லை.

மறுநாள் முதல் நான் கதவைச் சாத்தினேன். யார் வந்தாலும் தூங்குகிறாள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் போனில் பார்த்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். கூட்டம் இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். போனை மேசை மேல் தம்ளரில் சாய்த்து வைத்தால் கோயிலே வீட்டுக்குள் வந்துவிடுகிறது என்று நினைத்தேன்.

அப்படியே ஒன்பது மாதம்.

ஆரன்

இந்த இடத்தில் என் ஜீப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எஸ்டேட் ஜீப்பில் கிளீனராக ஏறி, பிறகு அதே ஜீப்புக்கு டிரைவர் ஆனேன். ஆள் ஏற்றுவது, உரம் ஏற்றுவது, காப்பி மூட்டை இறக்குவது. வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டும்போது பயம் போகாது. எங்கள் ரோடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வண்டிதான் போகலாம். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பனி சொல்லாது. அதனால் நான் வளைவு வருவதற்கு முன்பே ஆரனில் கை வைத்தால் வளைவு முடிந்த பிறகுதான் எடுப்பேன். எனக்கு ஆரன் அந்தோணி என்றே பெயர் ஆகிவிட்டது. என் ஞானஸ்நானப் பெயரில் அந்தோணி கிடையாது. ஆரனுக்கு அது ஒட்டி வந்ததால் சேர்த்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் பிலோமினாவை முன்சீட்டில் உட்கார வைத்து வாழவந்தியில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். காப்பிப் பூ பூத்திருந்த சமயம். பூ வாசனையை முகர விடாமல் நான் ஆரன் அடித்துக்கொண்டே போனேன். இரண்டு வளைவு பொறுத்தாள். மூன்றாவதில் என் மணிக்கட்டைப் பிடித்து ஆரனிலிருந்து எடுத்துவிட்டாள்.

“ஏனுங்க, நீங்க உடாம அடிச்சிட்டே இருந்தா, எதுக்கால வர்றவன் அடிக்கறது எப்படிங்க கேக்கும்?”

“அவனுக்கு நம்முளுது கேக்குமில்ல. அவன் நின்னுக்குவான்.”

“அவனும் உங்களாட்டம் பயந்தவனா இருந்தா?”

வண்டியை நிறுத்தினேன். என் கையை அவள் விடவில்லை. பனி கண்ணாடி மேல் மெதுவாக ஊர்ந்தது. அப்புறம் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரொம்பப் பக்கத்தில், பஸ் ஆரன் கேட்டது. நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது.

அன்றிலிருந்து ஒரு தடவை அடித்து, நிறுத்தி, காது கொடுத்து, பிறகு திரும்பினேன். ஜீப்பில் மட்டும்தான் அதைக் கற்றுக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

தண்ணீர்

கதவைச் சாத்தியிருந்த அந்த ஒன்பது மாதத்தில் செபமாலையை மட்டும் நான் விடவில்லை. பிலோமினா விட்டதில்லை, அதனால் நானும் விடவில்லை. தினமும் ஆறு மணிக்குக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். சில நாள் போனில் போடுவேன். அதில் சொல்கிறவர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். சில நாள் நானே சொல்வேன்.

செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் செபம் இரண்டு பாதி. முன்பாதியை ஒருவர் சொல்லி நிறுத்துவார். பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லி முடிப்பார்கள். ஒரு ஆளாய்ச் சொன்னால் இரண்டையும் அவரேதான் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் சொன்னேன். வேகமாகச் சொல்வேன். மனதில் கேஸை அணைத்தோமா, மாத்திரை தீரப் போகிறதா, மழைக்கு ஓடு தாங்குமா என்று ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் அந்த நினைப்பெல்லாம் உள்ளே புகுந்துவிடும் என்று நிறுத்தாமல் சொல்வேன்.

நடுவில் பிலோமினாவின் உதடு அசையும்.

தாகம் என்று நினைத்துக்கொள்வேன். செபத்தை விடாமலே எழுந்து, தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து, ஸ்பூனால் ஊட்டுவேன். விழுங்குவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உதடு அசையும். மறுபடி தண்ணீர். ஒரு நாள் ஸ்பூனைத் தட்டிவிட்டாள். டாக்டர் சொல்லியிருந்தார், கோபம் வரும் என்று. பொறுத்துக்கொண்டேன்.

ஒன்பது மாதம் அவள் பொறுத்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

நாற்காலி எண்ணிய ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலிலிருந்து நாற்காலி வந்து இறங்கியது. எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று. ஒன்றில் நானே உட்கார்ந்திருந்தேன். சுண்டல் வேக வைத்தேன். உப்பு போட்டோமா என்று மூன்று தடவை வாயில் போட்டுப் பார்த்ததில் கால்வாசி தீர்ந்தது.

பிலோமினாவுக்குப் புடவை கட்டிவிட்டேன். எனக்குக் கொசுவம் வராது. அவள் இடது கையால் சரிசெய்ய முயன்றாள். இரண்டு பேருக்கும் வராமல் கடைசியில் மேலே ஒரு சால்வையைப் போர்த்தினேன். கூந்தலை வாரியபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவங்க வந்தா நீ பேச வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். உனக்குத் தூக்கம் வருதுன்னு சொல்லிர்றேன்,” என்றேன்.

“அதான், அதான், அதான்,” என்றாள். மூன்று தடவை சொன்னால் ஏதோ முக்கியம். என்ன என்றுதான் தெரியாது.

நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். லூர்து எல்லோருக்கும் முன்பே கட்டளை போட்டுக் கூட்டி வந்திருக்க வேண்டும். யாரும் கத்தவில்லை, என்னைத் தெரிகிறதா என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராக வந்து பிலோமினாவின் இடது கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். தாமஸ் மட்டும், “பிலோக்கா, நீங்க இல்லாம பாட்டு எடுக்க ஆளில்ல. நாந்தான் பாடறேன். அதனாலயே நாலு பேரு வர்றத நிறுத்திட்டாங்க,” என்றான். தாமஸுக்கு மிளகு வியாபாரம். குரல் மட்டும் மலை முழுக்கக் கேட்கும். சுருதிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பிலோமினா சுவர்ப்பக்கம் திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை.

பின்னால் தங்கிய குரல்

மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். லூர்து முதல் பத்து மணிகளைத் தொடங்கினாள். அவள் முன்பாதி சொல்லி நிறுத்த, இருபது பேரும் பின்பாதியைச் சொன்னார்கள். வீடு நிறைந்த சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

நாலாவது மணியிலோ ஐந்தாவது மணியிலோ பிலோமினாவின் உதடு அசைந்தது.

நான் எழுந்தேன். தம்ளரில் தண்ணீர் பிடித்தேன். ஸ்பூனை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கும் நடுவில் வந்தேன். அப்போது எல்லோரும் பின்பாதியைச் சொல்லி முடித்து ஆமென் என்றார்கள். லூர்து அடுத்த மணிக்கு வாயெடுத்தாள்.

ஒரு குரல் மட்டும் முடியவில்லை.

கம்மிய குரல். நாக்கு ஒரு பக்கமாக இழுத்தது. ஆனால் சொல் சொல்லாக வந்தது. “…எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும், ஆமென்.”

பிலோமினா.

நான் ஸ்பூனோடு நடுவில் நின்றேன். லூர்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். லூர்து அடுத்த மணியின் முன்பாதியைச் சொன்னாள், வழக்கத்தைவிட மெதுவாக. நிறுத்தினாள்.

“அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே,” என்று தொடங்கினாள் பிலோமினா.

அது பழைய செபம். இப்போது கோயிலில் அப்படிச் சொல்வதில்லை. புனித மரியே, இறைவனின் தாயே என்றுதான் சொல்கிறோம். பிலோமினாவே எத்தனையோ வருடமாகப் புதியதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மிச்சம் இருந்தது சின்ன வயதில் வாழவந்தி வீட்டில் கற்ற பழைய சொற்கள். அவை கொஞ்சம் நீளம். அதனால்தான் எல்லோரும் முடித்த பிறகும் அவள் குரல் பின்னால் தங்கிப் போயிருக்கிறது. இரண்டும் ஒரே நீளமாக இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

அடுத்த மணியில் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. லூர்து கைகூடக் காட்டவில்லை. ஆனால் பிலோமினா தொடங்கியதும், வயதானவர்கள் நாலைந்து பேர் பழைய சொற்களுக்கு மாறினார்கள். அதற்கடுத்த மணியில் இன்னும் சிலர். தெரியாத இளசுகள் வாயைக் குவித்து முணுமுணுத்துக்கொண்டு கடைசிச் சொல்லில் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது பத்து முடிவதற்குள் வீடு முழுக்கப் பழைய செபத்தைச் சொன்னது, அவள் வேகத்தில்.

அவள் குரல் அதற்குப் பிறகு தனியாகக் கேட்கவில்லை. எல்லோருடைய குரலுக்குள்ளும் இருந்தது.

தண்ணீர்த் தம்ளர் என் கையிலேயே இருந்தது. அதில் அரைவாசி என் வேட்டியில் கொட்டியிருந்தது.

லூர்து சொன்னது

செபம் முடிந்து டீ கொடுத்தபோது, “பிலோக்கா, சக்கர போதுங்களா?” என்று லூர்து கேட்டாள்.

“அதான்.”

மறுபடி அந்த ஒரே சொல். என் முகம் தொங்கிவிட்டது.

தாமஸ் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். “இது மாதா செஞ்ச அற்புதமுங்க, புதுமைங்க. ஃபாதர்கிட்டச் சொல்லோணும்.”

“புதுமையும் இல்ல, ஒண்ணுமில்ல,” என்றாள் லூர்து. “ஒதடு அசையறப்பெல்லாம் இந்த மனுசன் என்ன பண்ணுனாருன்னு கேளுங்க.”

நான் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாது எனக்கு.

“ஒம்பது மாசமா அந்தம்மா செபம் சொல்ல வாயத் தொறக்குது, இவரு தண்ணி ஊத்தி அடைச்சிட்டிருக்காரு. செடிக்குக்கூட அவ்வளவு தண்ணி ஊத்துனா அழுவிப்போயிரும்ங்கண்ணா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்புறம் பயந்து பிலோமினாவைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையை என் பக்கம் நீட்டி, “அதான், அதான், அதான்,” என்றாள். காலையிலும் மூன்று தடவை சொன்னாளே, அதேதான். இப்போது எனக்குப் புரிந்தது, என்னைச் சொல்ல விடுங்க என்றிருக்கிறாள்.

உள்ளேதான் இருந்திருக்கிறாள்.

அடுத்த தடவை சேலம் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது, பாட்டு, செபம் இதெல்லாம் சில பேருக்கு நிக்குங்க. எடுத்துக் குடுத்தா வரும்,” என்றார். புதுமையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. எடுத்துக் கொடுக்க வேண்டும், அப்புறம் நிறுத்த வேண்டும். அது மட்டும் தெரிந்தது.

நான் மட்டும் போதாமல் போனது

அதன் பிறகு வீட்டில் நான் முன்பாதியைச் சொல்லி நிறுத்த ஆரம்பித்தேன். சில நாள் சொன்னாள். பல நாள் வரவில்லை. ஏன் என்று கொஞ்ச நாளில் கண்டுபிடித்தேன். நான் நிறுத்துவது, நிறுத்துவது மாதிரி இருக்காது. வருமா வராதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி. அந்தப் பார்வைக்கு யாருக்குத்தான் வாய் திறக்கும்?

அன்பியத்தில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் மணியை உருட்டுவார், ஒருவர் மெழுகுவர்த்தியை நிமிர்த்துவார், ஒருவர் கொட்டாவியை மறைப்பார். அவள் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் சொல் தானாக வந்துவிடுகிறது. தனியாக நடக்க வராதவர்கள் கூட்டத்தோடு தேருக்குப் பின்னால் நடந்துவிடுவார்களே, அந்த மாதிரி.

அந்தச் செபத்தை முதன்முதலில் இரண்டாக வகுத்தவர் யாரோ எனக்குத் தெரியாது. ஒரு ஆளே முழுசையும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்துத்தான் வகுத்திருப்பார் என்று தோன்றுகிறது. எனக்கும் கடவுளுக்கும் நடுவில் யாரும் வேண்டாம், போன் போதும் என்று இருந்தவன் நான். என் விசுவாசத்தின் பின்பாதி மற்றவர்கள் வாயில் இருந்தது.

ஆனால் அன்பியம் எங்கள் வீட்டுக்கு மறுபடி வர ஐந்து மாதம் ஆகும். அதுவரை பிலோமினாவை மற்ற வீடுகளுக்குக் கொண்டு போக வேண்டும். முதல் இரண்டு வாரமும் அக்கம்பக்கத்து வீடுகளாகவே அமைந்தன. அடுத்தது தாமஸ் வீடு.

நாற்பத்திரண்டு படி

தாமஸ் வீட்டுக்கு ரோட்டிலிருந்து இறங்க நாற்பத்திரண்டு படி. நான் எண்ணியிருக்கிறேன். பாசி பிடித்த படி. வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கினால் கால் முறியும் என்றேன். நாற்காலிக் காலைச் சொன்னேன்.

லூர்து கோயிலிலிருந்து ஃபாதர் உட்காரும் கைப்பிடி வைத்த மர நாற்காலியைக் கொண்டு வரச் செய்தாள்.

“அதுல ஃபாதருல்ல ஒக்காருவாரு,” என்றேன்.

“மாசத்துல ஒரு நாளு ஒக்காருவாரு. மீதி நாளெல்லாம் நாற்காலி சும்மாத்தான் செபம் பண்ணிட்டிருக்குது.”

நாலு பேர் தூக்கினார்கள். அதில் ஒருவர் பக்கத்து லைன் வீட்டு முருகேசன், எங்கள் கோயிலுக்கு வராதவர். எதிரே வந்தவர், தூக்க ஆள் குறைகிறது என்று பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கை கொடுத்தார். நான் பின்னாலேயே, “பாத்து, பாத்து, பாத்து,” என்று இறங்கினேன். இருபதாவது படியில் தாமஸ் திரும்பி, “அண்ணா, கொஞ்சம் ஆரன நிறுத்துங்க,” என்றான். பிலோமினா நாற்காலியில் குலுங்கினாள். விழப்போகிறாள் என்று பதறினேன். சிரித்திருக்கிறாள்.

தாமஸ் வீட்டில் மிளகு காய்கிற வாசனை. தகரக் கூரை. செபம் தொடங்கி ஒரு பத்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இளசுகள் எல்லோரும் பழைய பின்பாதியைப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். பிலோமினா தொடங்குவாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அதற்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது.

நாலாவது பத்து. தாமஸ் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினான்.

பிலோமினா தொடங்கவில்லை.

களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை, போய்விட்டது, அந்தச் செபமும் போய்விட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். என் வாய் தானாகத் திறந்தது. அவளுக்காக நானே சொல்லிவிட, எல்லோரையும் அந்த மௌனத்திலிருந்து காப்பாற்றிவிட.

என் மணிக்கட்டின் மேல் ஒரு கை விழுந்தது. இடது கை. பிடி அவ்வளவு பலமில்லை. ஆனால் எனக்கு அந்தப் பிடி தெரியும். பனியில், காப்பிப் பூ வாசனையில், வளைவுக்கு இந்தப் பக்கம் என் கையை எடுத்துவிட்ட அதே பிடி.

நான் வாயை மூடினேன்.

மழை தகரத்தில் கொட்டியது. யாரும் சொல்லவில்லை. உரக்கச் சொல்லும் தாமஸும் சொல்லவில்லை. லூர்து மணியை விரலில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது பேரும் பாதிச் செபத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார்கள்.

“அர்ச்சியசிஷ்ட மரியாயே,” என்றாள் பிலோமினா.

நாங்கள் சேர்ந்துகொண்டோம்.